அங்காளம்மா யார் வீட்டுப் பெண்?

வாசகர் கேள்வி, 21.2.2025

மேல்மலையனூர் அங்காளம்மன் உண்மையில் ஒரு செம்படவப் பெண், மீனவக் குலம். சிவன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான். பிரம்மன் தலை, சரஸ்வதி சாபம், பார்வதி எல்லாம் பின்னால் ஒட்டவைத்தவை. ஆனால் அந்தக் குலத்தாரே இன்று பார்வதி கதையைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கே தங்கள் கதை மறந்துவிட்டதா?

21.2.2025, இரவு

மறக்கவில்லை. நான் அந்தக் குலம்தான். தாத்தா ஏரியில் வீச்சு வலை போட்டவர், அப்பா ஏரி மீன் குத்தகையில் கைக்காசை விட்டவர், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் கதை 1909-ல் அச்சான, தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயரின் 'தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும்' தொகுதியில் இருக்கிறது. அங்காளம்மன் ஒரு செம்படவப் பெண், சிவன் அவளிடம் மயங்கினான், அதனால் சம்பு என்ற சிவன் பெயரில் 'சம்பு படவர்', அல்லது 'சிவன் படவர்', அதுவே செம்படவர் ஆனது என்று எழுதியிருக்கிறார். நல்ல ஓடக்காரர், 'செம் படவர்' என்ற விளக்கமும் அங்கேயே உண்டு. மூன்றில் எது என்று எனக்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் ஓடமே இருந்ததில்லை.

22.2.2025

கதையைக் கேட்டிருக்கிறார்கள். ஆயா சொன்னபடியே சொல்கிறேன்.

சிவனுக்கு ஐந்து தலை, பிரம்மனுக்கும் ஐந்து தலை. ஒருநாள் பிரம்மன் கைலாசத்துக்கு வர, பார்வதி புருஷன்தான் வருகிறான் என்று நினைத்துக் காலில் விழுந்துவிட்டாள். பிரம்மனாவது தடுத்திருக்க வேண்டாமா, சும்மா நின்றான். உண்மை தெரிந்ததும் அவளுக்கு வெட்கமும் கோபமும். சிவனிடம் சொன்னாள். அவர் போய் ஒரு தலையைக் கிள்ளினார். கிள்ளிய தலை கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சை எடுத்து எதைப் போட்டாலும் அந்தக் கபாலமே தின்றுவிடும், அவருக்குப் பட்டினி.

புருஷன் தலை போன ஆத்திரத்தில் சரஸ்வதி இருவரையும் சபித்தாள். நீ பித்தனாகச் சுடுகாடு சுடுகாடாக அலை. நீ அழகெல்லாம் போய்க் கந்தலோடு காடு மலை சுற்று.

கிள்ளச் சொன்னது ஒருத்தி, கிள்ளியது ஒருத்தர், சாபம் இருவருக்கும். இந்த இடத்தில் ஆயா சற்று நிறுத்துவாள். எந்தச் சண்டையிலும் கடைசியில் பெண்ணுக்குத்தான் கந்தல் என்பாள்.

பார்வதி திருவண்ணாமலைக்கு வந்து தீர்த்தமாடி, அங்கிருந்து மலையனூர் மலையரசன் பூந்தோட்டத்துக்கு வந்து, புற்றாக உட்கார்ந்தாள். இன்றும் கருவறையில் புற்று இருக்கிறது, புற்று மண்தான் பிரசாதம். கபாலத்தோடு சிவன் பிச்சைக்கு வந்து நின்றார். பெருமாள் தங்கைக்கு யோசனை சொல்லிக் கொடுத்தார். முதல் உருண்டைச் சோற்றைக் கபாலத்தில் போட்டாள், தின்றது. இரண்டாவதையும் தின்றது. மூன்றாவதைக் கை தவறியதுபோல் மயானத்துத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கிப் பொறுக்கத் தொடங்கியது. அவ்வளவுதான், அவர் தப்பித்தார். திரும்பிப் பார்த்த கபாலம் இவள்மேல் பாய, இவள் அங்காளியாக வானத்துக்கும் பூமிக்கும் நிமிர்ந்து அதைக் காலால் மிதித்தாள்.

அந்த மூன்றாவது உருண்டைதான் மயானக் கொள்ளை. மாசி மாதம் சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் நடப்பது.

22.2.2025, பிறகு

கேள்விக்கான பதிலைச் சொல்லவே மறந்துவிட்டேன். பருவதராஜன் பார்வதிக்கு அப்பா. எங்கள் குலத்துக்குப் பெயர் பருவதராஜகுலம். அப்படியென்றால் பார்வதி எங்கள் வீட்டுப் பெண். புருஷன் வீட்டில் பிரச்சினை, கந்தலோடு அலைந்தாள், தாய்வீட்டு மனிதர்கள் இருக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் சொல்லும் மீனவப் பெண் கதையும் நாங்கள் சொல்லும் பார்வதி கதையும் எங்களுக்கு இரண்டு கதை இல்லை. வெளியாள் காதில் விழும்போது இரண்டாகிறது.

23.2.2025

அத்தையிடம் போனில் படித்துக் காட்டினேன். முதல் திட்டு: "கொக்கிறகை விட்டுட்டியேடி." கந்தல் மட்டும் இல்லையாம், கொக்கு இறகும் இலைதழையும் உடுத்தி வந்தாளாம். இரண்டாவது திட்டு, திருவண்ணாமலையிலிருந்து நேராக வரவில்லை, வழியில் தங்கித் தங்கி வந்தாள். சரி, திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஏதோ சொல்ல வந்தாள், குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டாள்.

24.2.2025

'அங்காளி பங்காளி'யிலிருந்து வந்த பெயரா அங்காளம்மன் என்று ஒருவர் கேட்கிறார். தெய்வமே. இதைக் கேட்டு மாமா ஒரு மணி நேரம் சிரித்தார். எங்கள் பங்காளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பந்தல் போட்டதில்லை, இதில் சாமிக்குப் பெயர் வேறு வைக்கப் போகிறார்களா?

25.2.2025

குலத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. செம்படவர் ஏரி, குளம், ஆற்று மீனவர். கடலுக்குப் போகிறவர்கள் பட்டணவர், அது வேறு. அரசாங்கத்தின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'மீனவர்' என்று எழுதி ஒரே அடைப்புக்குறிக்குள் பருவதராஜகுலம், பட்டணவர், செம்படவர் மூவரையும் போட்டுவிட்டார்கள். சான்றிதழ் வாங்கப் போன என்னிடம் அங்கே இருந்தவர், "எந்தக் கடற்கரை?" என்று கேட்டார். கடலை நான் முதலில் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில்.

ஏரி மீனவனுக்கு விரால், கெண்டை, கெளுத்திதான் உலகம். மழை ஏமாற்றினால் ஏரி வயலாகத் தெரியும், வலை பரணுக்குப் போகும். அந்த வருஷங்களில் கோயில் வேலை, கூலி, செங்கல் சூளை. மலையனூரில் பூசாரிகளும் பரம்பரை அறங்காவலர்களும் எங்கள் குலத்தார்தான், கோயில் அறநிலையத் துறையின்கீழ் இருக்கிறது. அங்கே முறை உள்ள குடும்பங்களுக்குத்தான் அது. எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு வரிசையில் நிற்கும் உரிமை உண்டு.

26.2.2025

இன்று சிவராத்திரி, கொடியேற்றம். நாளை கொள்ளை. நாங்கள் மலையனூர் போகவில்லை, அந்தக் கூட்டத்தில் அத்தையால் நிற்க முடியாது. எங்கள் ஊர் மயானத்துக்கே போகிறோம். வந்து எழுதுகிறேன்.

28.2.2025

வந்துவிட்டேன். தலைமுடியில் இன்னும் கம்பு இருக்கிறது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மயானத்தில் மண்ணைக் குவித்து அம்மனைப் படுத்த கோலத்தில் பெரிதாகச் செய்வார்கள். மல்லாந்து படுத்த உருவம், கண்ணுக்கு முட்டை, மஞ்சள், குங்குமம், வாயில் நாக்கு. இந்த முறை முகம் செய்தவர் ஒரு கண்ணைச் சற்று மேலே வைத்துவிட்டார். யாரோ சொல்ல, அவர், "அவ அப்படித்தான் பார்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். காளி வேஷம் போட்டவர்கள் ஊர்வலமாக வருவார்கள். பம்பையும் உடுக்கையும் காதுக்குப் பக்கத்தில் அடித்தால் வயிற்றுக்குள் அடிக்கும். சாமி வந்து இறங்கினதும் கூடைகளிலிருந்து சுண்டல், கொழுக்கட்டை, வேகவைத்த தானியம், காய்கறி, சில்லறை எல்லாம் கூட்டத்துக்குள் பறக்கும். அதை அள்ளத்தான் தள்ளுமுள்ளு. படுத்திருந்த மண் உருவம் அடுத்த நிமிஷம் இல்லை, ஆளுக்கொரு பிடி.

அள்ளிய தானியத்தை வயலில் போட்டால் விளையும் என்பது நம்பிக்கை. எங்களுக்கு வயல் ஏது. ஆயா ஏரிக்கரையில் நின்று தண்ணீரில் வீசுவாள், மீன் பெருகட்டும் என்று. இதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை, எங்கள் ஆயாவின் சொந்த சாஸ்திரமாக இருக்கலாம்.

எட்டு வயதில் இந்தக் கூட்டத்தில் என் கை அப்பா கையிலிருந்து நழுவியது. காளி வேஷக்காரர் ஒருவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நாக்குச் சிவப்பு, முகமெல்லாம் மை, தகரக் கிரீடம். நான் அலறிய அலறலில் அப்பாவே கண்டுபிடித்து வந்தார். இறக்கிவிட்டுக் காளி சொன்னது: "கொளந்தைய பாத்துக்க மாட்டியா நாய்னா?"

2.3.2025

ஒரு நண்பர் மடக்கியிருக்கிறார். கபாலம் விழுந்தது காசியில், அங்கே கபாலமோசன தீர்த்தம் இருக்கிறது, மலையனூரில் எப்படி விழும்?

காசியோடு ஏன் நிறுத்துகிறீர்கள்? பத்ரிநாத்தில் பிரம்மகபாலம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் திருக்கண்டியூர் இருக்கிறது. சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்டவீரட்டத்தில் பிரம்மன் தலையைக் கிள்ளிய தலம் அது, சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். அதே ஊரில் ஹரசாப விமோசனப் பெருமாள் கோயில். சிவன் சாபம் தீர்ந்தது பெருமாளால் என்று அந்தக் கோயில் சொல்லும். சைவர் கோயிலில் கிள்ளி, வைணவர் கோயிலில் தீர்த்துக்கொள்ள இரண்டு தெரு நடந்தால் போதும்.

ஆக ஒரே கபாலம் நாலு இடத்தில் விழுந்திருக்கிறது. நான் பார்ப்பது எங்கே விழுந்தது என்பதை அல்ல, யார் விழவைத்தார்கள் என்பதை. காசியில் அந்த மண்ணின் மகிமையால் விழுகிறது. கண்டியூரில் பெருமாள் அருள். மலையனூரில் மட்டும் ஒரு பெண் சோறு பிசைந்து, உருண்டை பிடித்து, ஏமாற்றி இறக்குகிறாள். அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சோறூட்டியவள்தான் இப்படி யோசிப்பாள்.

2.3.2025, பிறகு

மேலே 'பெருமாள் தங்கைக்கு யோசனை சொன்னார்' என்று நானே எழுதியிருக்கிறேன். இப்போது 'ஒரு பெண் யோசித்தாள்' என்கிறேன். பிடிபட்டேன். யோசனை அண்ணனுடையது, கைப்பக்குவம் தங்கையுடையது என்று வைத்துக்கொள்ளலாமா?

5.3.2025

நேற்று மலையனூரில் தேர், திருவிழாவின் ஏழாம் நாள். மற்ற கோயில்களில் தேர் வருஷமெல்லாம் தகரக் கொட்டகையில் நிற்கும். இங்கே ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் செய்கிறார்கள். அங்காளியின் கோபம் அடங்கவில்லை, தேவர்களே தேரின் சக்கரமாகவும் அச்சாகவும் மாறி அவளை ஏற்றி உட்கார வைத்தார்கள், வேலை முடிந்ததும் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் என்பது கதை. தேவர்கள் நிரந்தரமாகத் தங்கமாட்டார்கள், அதனால் வருஷா வருஷம் ஆள் சேர்க்க வேண்டும். கட்டட வேலை பார்க்கும் என் தம்பிக்கு இது ரொம்பப் பிடித்த கதை.

9.3.2025

மீனவப் பெண் கதைக்குத் திரும்புகிறேன், முதல் நாள் அவசரமாகத் தள்ளிவிட்டேன்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் வலை வீசின படலம் இருக்கிறது. வேதப்பொருளைக் கவனமில்லாமல் கேட்ட பார்வதி மீனவர் வீட்டில் பிறக்க வேண்டும் என்று சாபம். நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்குகிறது. சிவன் மீனவனாக வந்து வலை வீசிச் சுறாவைப் பிடித்து, அவளைக் கட்டிக்கொண்டு போகிறார். அது மதுரைப் பக்கத்துக் கதை, கடல் மீனவர் கதை. அங்கேயும் அவள் பார்வதிதான், அதே சமயம் மீனவப் பெண்ணும்தான். தர்ஸ்டனுக்கு யாரோ சொன்னது 'அசல்', பார்வதி 'ஒட்டு' என்று பிரிப்பது சரியாக வராது என்று நான் நினைப்பது இதனால்தான். 1909-ல் சொன்னவரும் முழுக்கதை சொல்லி, எழுதியவர் நாலு வரியில் சுருக்கியிருப்பார். எங்கள் ஆயா கதையை நாலு வரியில் சுருக்கினாலும் 'செம்படவப் பெண், சிவன் புருஷன்' என்றுதான் வரும்.

எவலின் மேயர் 1986-ல் அங்காளபரமேசுவரியைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். கதைகளை நாலைந்து வடிவங்களில் கேட்டவர்கள் அதைப் புரட்டிப் பாருங்கள், ஆயாக்கள் ஒத்துப்போவதே இல்லை என்று தெரியும்.

16.3.2025

மயானத்தில் படுத்திருப்பது அம்மன் இல்லை, அவள் கொன்ற அரக்கன் வல்லாளகண்டன் என்று சில ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆமாம், அப்படியும் உண்டு. சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு இதன் சொந்தக்காரக் கதை பெரியாச்சி. பிள்ளை தரையில் பட்டால் ராஜாவுக்குச் சாவு என்று வாக்கு. பெரியாச்சி மருத்துவச்சியாகப் போய்ப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொடுமைக்கார ராஜாவை மிதித்து, ராணியை மடியில் கிடத்திக் கிழித்தாள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் சன்னதி இருக்கிறது. குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் அவளிடம்தான் கொண்டுபோய்க் காட்டுவார்கள். குடலை உருவும் சாமியிடம் பச்சைக் குழந்தையைக் கொடுக்கிறவர்களுக்கு அவள்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்.

30.3.2025

நேற்று அமாவாசை ஊஞ்சலுக்கு மலையனூர் போனோம். ராத்திரி அம்மன் ஊஞ்சலில் ஆட, தாலாட்டுப் பாட, ஜனங்கள் கையில் கற்பூரம் ஏற்றிப் பிடித்திருக்கிறார்கள். அத்தை உள்ளங்கையைக் காட்டினாள், கொப்புளம். "சுடலையே" என்கிறாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அந்த மூன்றாவது திட்டை நினைவுபடுத்தினேன். அதை எழுதத்தான் இந்தக் குறிப்பு, ஆனால் இன்று கை ஓடவில்லை.

6.4.2025

சரி, எழுதிவிடுகிறேன்.

பூந்தோட்டத்துக்குள் வந்த பார்வதியைக் காவல்காரன் உள்ளே விடவில்லையாம். கந்தல், கொக்கிறகு, பிசாசு மாதிரி ஒருத்தி. இங்கே தங்கக் கூடாது, போ என்றானாம். ஒரு ராத்திரி மட்டும் என்று கெஞ்சிக் கேட்டு உள்ளே வந்து புற்றாகிவிட்டாள். அந்தக் காவல்காரன் செம்படவன். எங்கள் ஆள்.

ஆயா சொன்ன கதையில் காவல்காரனே கிடையாது. வந்தாள், உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அதைக் கேட்டு வளர்ந்துதான் 'தாய்வீட்டு மனிதர்கள் இருக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்' என்று மேலே பெருமையாக எழுதினேன். தாய்வீட்டு வாசலில்தான் முதலில் தடுத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவரே, உங்களுக்கு ஒரு திருத்தம். நாங்கள் கதையை மறக்கவில்லை என்று முதல் நாள் சொன்னேன். ஒரு துண்டை மறைத்திருக்கிறோம்.

10.4.2025

தடுத்தவன் வம்சத்துக்கே பூசை உரிமை எப்படிப் போகும் என்று கேட்கிறார்கள். அத்தை சொல்வது: புற்றை இடிக்க மலையரசன் ஆள் அனுப்பினான், இடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள், அப்புறம்தான் எல்லோரும் காலில் விழுந்தார்கள். உள்ளே விட்டவன் என்ற கணக்கில் காவல்காரனுக்கு முறை கிடைத்தது. தடுத்தான், பிறகு விட்டான். அம்மன் இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டாள் போல.

4.12.2025

எட்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. நேற்று கார்த்திகை தீபம், அதனால் ஞாபகம் வந்தது. திருவண்ணாமலையில் 2668 அடி மலை உச்சிக்குக் கொப்பரையைச் சுமந்துபோய்த் தீபம் ஏற்றும் உரிமையும் பருவதராஜகுலத்தாருக்குத்தான். 2024-ல் மண்சரிவுக்குப் பிறகு பக்தர்களை மலையேற விடவில்லை, அப்போதும் கொப்பரை ஏறியது. மருமகன் வீட்டுக்கு விளக்கேற்றும் வேலை நம்முடையது என்று மாமா பெருமை பேசுவார்.

தீபத்துக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அகல் அடுக்கிக்கொண்டே கேட்டேன், ஆயா ஏன் காவல்காரனை விட்டுவிட்டாள், அவளுக்குத் தெரியாதா என்று.

தெரியும் என்றாள். தாத்தாவின் தங்கை ஒருத்தி கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு மூட்டையோடு திரும்பி வந்தாளாம், ஆடி மாத மழையில். தாத்தா அவளைத் திண்ணையிலேயே உட்கார வைத்து, விடிந்ததும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். உள்ளே கூப்பிடவில்லை. அவள் அதற்கப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் வரவில்லை.

"உங்க ஆயா கதை சொல்ற நேரத்துல, உன் தாத்தா அந்தத் திண்ணையிலதான் படுத்திருப்பாரு" என்றாள் அத்தை. எண்ணெய் ஊற்றச் சொன்னாள்.